நாற்பத்தொன்றாம் எண் வார்ப்பு

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திவிடுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. இருட்டறையிலேயே வேலை பார்த்த கண்; வெயில் கூசுகிறது.

என் பெயர் வேலாயுதம். கோலாலம்பூரில், கிள்ளான் ஆற்றங்கரை இன்ஜின் பட்டறையில் எக்ஸ்ரே எடுப்பவன். ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் பிடிப்பதுபோல, வார்த்த இரும்பைப் படம் பிடிப்பது என் வேலை. இரும்புக்குள் காற்றுக்குமிழி தங்கியிருந்தால் வெளியே தெரியாது. படத்தில் கறுப்பாக விழும். எந்தப் படம் எந்த வார்ப்புக்குரியது என்று தெரிய, ஈயத்தில் செய்த எண்களைப் பக்கத்தில் வைத்து எடுப்போம்.

1935-இல் ஒரு சிலிண்டர் மூடியில் கறுப்பைக் கண்டேன். உடைத்துப்போடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். போர்மன் ஸ்டானிஸ்லாஸ் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இத்தினியூண்டு புள்ளிக்கா ஒடைக்கச் சொல்ற? தொர நாளைக்கே இன்ஜின் கேக்குறாரு லா.”

அந்த மூடியையே மாட்டினார். அந்த இன்ஜினை ஓட்டிப் பார்த்தவன் என் தம்பி விஜயன். மூடி வெடித்து ஒரு துண்டு அவன் கழுத்தில் பாய்ந்தது; அங்கேயே செத்தான். விசாரணையில் ஸ்டானிஸ்லாஸ், படத்தில் ஒன்றுமே இல்லை என்றார். படமும் காணாமல் போயிருந்தது, நான் எழுதிய தாளும்.

நான் சண்டை போடவில்லை. அதே வேலையில் இருந்தேன். அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். அதன்பிறகு அவர் மிகவும் மாறிப்போனார்; என்னைக் கேட்காமல் ஒரு வார்ப்பைக்கூட மாட்டமாட்டார்.

இரண்டு வருஷம் கழித்து, சோதனை ஓட்டத்துக்கு அவருடைய மகன் டொமினிக் வந்தான். பிரிக்பீல்ட்ஸில் ரோசலினைக் கல்யாணம் செய்து ஐந்து மாதம். விஜயனின் ஸ்பேனர்களைத் துடைத்து, எண்ணெய் போட்டு, என் அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான்.

போன மாதம் நாற்பத்தொன்றாம் எண் மூடி வந்தது. படத்தைக் கழுவும்போதே பார்த்துவிட்டேன். கட்டைவிரல் அளவு கறுப்பு. அந்தப் படத்தை எரித்தேன். நாற்பத்தொன்று என்ற ஈய எண்ணை ஒரு நல்ல மூடியின் பக்கத்தில் வைத்து, இன்னொரு படம் எடுத்தேன்.

“நல்லாப் பாத்தியா வேலு?” என்று கேட்டார் ஸ்டானிஸ்லாஸ். “எம்மவன்தான் ஓட்டப் போறான்.”

“ரெண்டு தடவ பாத்தேன் அண்ணே. தைரியமா மாட்டுங்க.”

இன்ஜின் பதினொரு நிமிஷம் ஓடியது. நான் வாசலில் நின்றிருந்தேன். டொமினிக் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினான். நானும் உயர்த்தினேன். பிறகு வெடித்தது.

ஸ்டானிஸ்லாஸ் மகனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “படத்துல ஒண்ணுமில்லன்னியே, வேலு?”

“ஒண்ணுமில்ல அண்ணே,” என்றேன்.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை. நானாகத்தான் வந்தேன். இதைக் கடவுள் சித்தம் என்று அவர் மாதா கோயிலில் சொல்லி அழுகிறாராம். அப்படி நினைத்துக்கொண்டு அவர் ஆறிவிடக் கூடாது. யார் செய்தது, எதற்குச் செய்தது என்று தெரிய, இந்த வாக்குமூலத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

டொமினிக் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவன் நல்ல பையன். ரோசலினிடம் மறக்காமல் இதைச் சொல்லிவிடுங்கள் ஐயா. அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.