கருப்பசாமிக்கு நேர்ந்த கிடா

திருநகர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர், "மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா புண்ணியத்துல எங்க கிடாயக் கோயில் பொங்கலுக்கு வெட்டல" என்றார்.

"ஏன் மதினி?" என்றார் பக்கத்துப் பெண்.

"இரை எடுக்காம எலும்புந் தோலுமாக் கெடந்துச்சு. தேறுனா வெட்டுறேன்னு கருப்பசாமிக்கு நேந்துவிட்டேன். டாக்டரம்மா வயித்துப் பூச்சிக்கு ஊசி போட்டாங்க. இருபதே நாள்ல வச்சது அம்புட்டையும் திங்கிது. மதமதன்னு வளந்துருச்சு."

"அப்ப வெட்ட வேண்டியதுதான?"

"ஊசி போட்டா ஒரு மாசத்துக்குக் கறி திங்கக்கூடாதாம். அதுக்குள்ள பொங்கல் வந்துருச்சு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு பூசாரியும் சொல்லிட்டாரு. இப்பப் பேரச் சொன்னா ஓடியாருது."

"அடுத்த வருசம்?"

"அதுக்குத்தான் டாக்டரம்மாட்டப் போறேன். பொங்கலுக்கு முந்தின வாரம் ஊசிக்கு வாரேன்னு இப்பவே சொல்லி வச்சிருவோம்."