ராகுகாலத்தில் வந்த காஸ்காரன்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினவள்.

இந்த வெள்ளைக்காரன் நாட்டில், கிங்ஸ்பரி பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும், மடியில் கைக்குழந்தை. புதுவீட்டுக்குக் காஸ் எடுக்க, அவர் கம்பெனிக்குப் போன் போட்டு லைனில் காத்திருந்தார்.

"விடியவே போன் எடுத்திருந்தால் இப்ப சுடுதண்ணி வந்திருக்கும். நீர்தான் நல்ல நேரம் பார்த்தனீர்," என்றார் பெண்சாதியிடம்.

"நல்ல நேரத்தில எடுத்தாச்சுத்தானே."

"இப்ப பத்தரை. வெள்ளிக்கிழமை ராகுகாலம் தொடங்கியிட்டுது. போனை வைக்கட்டே?"

"இந்தக் குளிருக்குப் பிள்ளையை எதில குளிக்க வாக்கிறது?"

அந்த நேரம் பார்த்துப் போனில் ஆள் வந்துவிட்டான். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு பெண்சாதியைப் பார்த்தார்.

"ஊரில இப்ப பின்னேரமப்பா. ராகுகாலம் எப்பவோ முடிஞ்சுது. கதையுங்கோ."

பேரா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கா வாசித்துக் காட்டு. நேரம் பார்க்காமல் இப்பவே வாசி.