துரையின் படகுக்குத் தலையணை

பதுளையிலிருந்து தெமோதரைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னிருக்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள்.

"படகுக்குத் தலகாணி கட்டச் சொன்னாரு தொரை" என்றார் கணவர், தோட்ட மேலாளரைச் சொல்லி.

"படகு தூங்குதாங்க?"

"கொளத்துப் படிக்கல்லுல இடிச்சு அடிபடாம இருக்கத்தான். டயருக்குள்ள தேங்காநாரு அடைச்சுத் தொங்கவிட்டேன். படகு ஓடுறப்போ கழட்டணும், நிக்கிறப்போ மாட்டணும். கம்பியில கட்டுனா கழட்ட வரல. கயித்துல கட்டுனா அவுந்து தண்ணிக்குள்ள போயிருது. நேத்துப் படகுல கீறல். இன்னொரு கீறல் விழுந்தா பட்டறையில வேல இல்லன்னுட்டாரு."

அந்த அம்மா கேட்டார்: "கொழுந்து எடுக்கையில சேல நனையாம இடுப்புல படங்குச் சாக்கு கட்டுறேனே, நாள் பூரா மலை ஏறி எறங்குறேன், அவுந்திருக்கா? வீட்டுக்கு வந்ததும் ஒரே இழுப்புல கழட்டுறேன்ல?"

பையிலிருந்த கயிற்றை எடுத்து, முன்கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை மடித்துச் செருகிக் காட்டினார். கணவர் பலமாக அசைத்துப் பார்த்தார், முடிச்சு நகரவில்லை. நுனியைப் பிடித்து இழுத்தார். கயிறு கையோடு வந்தது.

"தொரைகிட்ட ஒம் பேரச் சொல்லித்தான் காட்டுவேன், செல்லம்மா."

"பேரு வேணாங்க. ஒரு தடவ அந்தப் படகுல ஏத்திவிடச் சொல்லுங்க."

"ஒனக்கு நீச்சல் தெரியாதே."

"நீங்க பக்கத்துல உக்காருவீங்கள்ல."

"எனக்கும் தெரியாதே, புள்ள."

இறங்கும் இடம் வரும்வரை இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.