நாற்பத்தொரு ஊசிகளும் என் கடை விலாசமும்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் அந்தோனிப்பிள்ளை ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மருத்துவர்களே, தாதிமார்களே, கடைகளை அரைக்கதவு சாத்திவிட்டு வந்திருக்கும் கெர்போ சாலை அன்பர்களே, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் பூவம்மா அவர்களே, எல்லோருக்கும் மளிகைக்கடை மருதப்பனின் வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தவன். அதையும் இரண்டு முறை படித்தவன். ஆகவே ஐந்தாம் வகுப்பைப் பற்றி இந்தச் சபையில் என்னைவிட அறிந்தவர் எவருமில்லை! புறப்படும்போது என் மகள் கமலா, “அப்பா, கடையில பேசுற மாதிரி பேசிடாதீங்க” என்றாள். கடையில் ஒருநாளும் பேசாததைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சுகாதாரத் தாதி செல்வி குணமணி அம்மையார்! நாமெல்லாம் ‘மிஸ்ஸி’ என்று அழைத்த குணமணி! இந்தச் சந்துகளில் அவர் ஏறாத மாடிப்படி உண்டா? அவர் அதட்டாத ஆண்பிள்ளைதான் உண்டா? அவருடைய அறைச் சுவரில் இந்த வட்டாரத்தின் வரைபடம் தொங்கியது. காசநோய் கண்டவருக்குச் சிவப்புத்தலை ஊசி. மாண்டவருக்குக் கறுப்பு. ஊசி நிற்கும் வீட்டுக்கு மிஸ்ஸி போவார். அங்குள்ள அத்தனை பேரையும் எக்ஸ்ரே எடுக்க இழுத்துப் போவார். ஊசி இல்லாத வீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள்.

ஐம்பத்தேழாம் ஆண்டு ஒரு காலையில் என் கடைக்கு வந்தார்.

“அண்ணை, உங்கட கடையில எத்தினை பேர் இருக்கினம்?”

“நான், வீட்டுக்காரி, மக கமலா. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பூவம்மாவும் அவ மக தங்கமும். அப்புறம் ஒரு பூனை.”

“பொய் சொல்லாதேங்கோ. நாப்பத்தொரு காசநோய்க்காரர் உங்கட கடையில இருக்கினம்.”

என் கையிலிருந்த உழக்கு கீழே விழுந்தது! இது யார் செய்த வேலை? நம் ஆட்கள் செய்த வேலைதான்! துறைமுகத்துத் தொழிலாளியிடம் மருத்துவமனையில் “விலாசம் என்ன?” என்று கேட்டால் எதைச் சொல்வார்? ஊரிலிருந்து கடிதம் எங்கே வருமோ அதைச் சொல்வார். கடிதம் எங்கே வரும்? மருதப்பன் கடைக்கு வரும்! நம்மவருக்கு விலாசம் என்றால் கடிதம் படுக்கும் இடம். மனிதர் படுக்கும் இடத்தை யார் கேட்டார்கள்?

மிஸ்ஸி கேட்டார். அன்றோடு ‘விலாசம்’ என்ற சொல்லையே விட்டுவிட்டார். என் கடிதப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு நான்கு நாள் உட்கார்ந்தார். கடிதம் வாங்க வந்த ஒவ்வொருவரிடமும், “எங்க படுக்கிறியள்?” என்றார். ஒருவர், “மாடிப்படிக்குக் கீழ மிஸ்ஸி” என்றார். இன்னொருவர், “ரவூப் வேலைக்குப் போனப்புறம் அவரு கட்டில்ல” என்றார். கடைக்கு வர முடியாமல் படுத்துவிட்டவர்களின் இடத்தை நானே கூட நடந்து காட்டினேன். நாற்பத்தொரு ஊசிகளும் என் கடையைவிட்டு நகர்ந்தன. அவற்றில் இருபத்துமூன்று ஒரே சந்தில், சன்னலில்லாத மூன்று வீடுகளில் போய் நின்றன! அந்த வீடுகளில் பிழைத்தவர்கள் இதோ, இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நான் சும்மா இருந்தேனா? “பாத்தீங்களா மிஸ்ஸி, என் கடை சுத்தம்லா!” என்று மார்தட்டினேன். அரிசி வாங்க வந்தவரிடமெல்லாம் சொன்னேன்.

அன்பர்களே, நாற்பத்தொரு ஊசிகள் என் கடையில் பொய்யாக நின்றன. உண்மையாக நிற்க வேண்டிய ஒன்று அங்கே இல்லை.

அப்போது என் கமலாவுக்குக் காசநோய். மருத்துவமனையில் நான் கொடுத்தது என் மைத்துனரின் குவீன்ஸ்டவுன் வீட்டு விலாசம். இருமல் கேட்கும் கடையில் யார் அரிசி வாங்குவார்? மிஸ்ஸி குவீன்ஸ்டவுனுக்குப் போனார். “பிள்ளை உறவுக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கு” என்று மைத்துனர் அனுப்பிவிட்டார். என் வீட்டில் இருப்பவர்களை எக்ஸ்ரே எடுக்க எவரும் வரவில்லை. வரைபடத்தில் என் கடை வெள்ளையாக இருந்தது, நானே பெருமையாகச் சுத்தம் செய்த வெள்ளை!

கமலா பிழைத்தாள். அவளோடு ஒரே பாயில் உட்கார்ந்து தாயம் ஆடிய தங்கத்தை யாரும் எக்ஸ்ரே எடுக்கவில்லை. மறு ஆண்டு என் கடைமீது ஒரு கறுப்பு ஊசி ஏறியது.

மிஸ்ஸி வந்தார். கோபப்படவில்லை. “குவீன்ஸ்டவுனில ஒரு ஊசி தனிய நிண்டது அண்ணை. நல்ல காத்து வாற வீடு. அது அங்க பிறந்த ஊசி இல்லை” என்றார். அந்தச் சிவப்பு ஊசியை என் உள்ளங்கையில் வைத்தார். “நீங்களே வந்து குத்துங்கோ.”

நான் போகவில்லை. ஏழு ஆண்டுகள் போகவில்லை. வழியில் பார்க்கும்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: “எங்க அண்ணை படுக்கிறியள்?” பக்கத்தில் நிற்பவர்கள் வேடிக்கை என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

தங்கம் இறந்த மாதமே பூவம்மா டன்லப் தெருவுக்குப் போய்விட்டார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் அரிசி மூட்டைகளை அடுக்கிவிட்டேன். பட்டப்பகலில், வாடிக்கையாளருக்கு அளந்து கொட்டும்போது, மூட்டைகளுக்குப் பின்னால் தாயக்கட்டை உருள்கிறது. எலி என்று சொல்லிக்கொள்கிறேன். எலிப்பொறி வைத்தேன். ஒன்றும் விழவில்லை.

போன வியாழக்கிழமை மிஸ்ஸி மறைந்தார். மறுநாள் நான் டன்லப் தெருவுக்குப் போய், கமலாவின் நோயை மறைத்து விலாசம் மாற்றிக் கொடுத்ததைச் சொன்னேன். சலவைத்துணி தேய்த்துக்கொண்டிருந்த பூவம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்கள்.

“எனக்குத் தெரியும் மொதலாளி. கமலா இருமுறது பலகைக்கு இந்தப் பக்கம் கேக்காமயா இருக்கும்? நானும் வாயத் தொறக்கல. எடத்தக் காலி பண்ணுன்னு நீங்க சொல்லிட்டா, புள்ளைய வச்சிக்கிட்டு எங்க போயிப் படுக்கிறது?”

இதற்கு என்ன நிறத்தில் ஊசி குத்துவது? இரண்டு பேரும் வாய் மூடியிருந்தோம். இரண்டும் ஒன்றா? ஒன்றில்லை அன்பர்களே! என் மௌனம் ஒரு கடையைக் காத்தது. அவர்கள் மௌனத்துக்கு ஒரு பலகைச் சுவரைத் தவிர வேறென்ன இருந்தது?

“சபையில சொல்லட்டுமா?” என்றேன். “சொல்லுங்க. தங்கம் பேரயும் சொல்லுங்க” என்றார்கள். சொல்லிவிட்டேன். தங்கம். பதினோரு வயது.

இனி என் கடையில் கடிதம் வாங்க வருகிறவர்களிடம் மிஸ்ஸியின் கேள்வியை நான் கேட்பேன். பதிலை அவர் இடத்துக்கு வரும் தாதியிடம் சேர்ப்பேன். யார் வீட்டு இருமலையும் வேறு ஊருக்கு அனுப்ப விடமாட்டேன். இது இந்தச் சபை அறியச் சொல்வது.

முதல் பதில் என்னுடையது. கேளுங்கள் மிஸ்ஸி! கெர்போ சாலை, மருதப்பன் கடை, பின்கட்டு. என் மகள் கமலா அங்கேதான் படுத்தாள்.

வரைபடத்தை மேடைக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஊசி என் சட்டைப் பையில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது. கறுப்பு ஊசி நிற்கும் இடம் எதுவென்று இத்தனை ஆண்டும் நான் பார்த்ததில்லை. பூவம்மா, கொஞ்சம் மேலே வாங்க. இடத்தைக் காட்டுங்க. பக்கத்திலேயே குத்துகிறேன்.