மூன்றாவது வார்த்தை

லேப்டாப் ஒன்று தானாக அணைந்து தானாக எழுந்தால் முதலில் சூட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலும் காற்று போகிற சல்லடையை ஏதாவது அடைத்திருக்கும். பஞ்சு, தூசி, பூனை முடி. நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் இதுவும் இப்போது ஒருமுறை உங்களைக் கைவிட்டதால் சொல்கிறேன், ஐயா. அதைக் கோப்புக்கட்டின் மேல் வைத்திருக்கிறீர்கள். எடுத்து வெறும் மேசையில் வையுங்கள், சரியாகிவிடும். எழுதுவதை அவ்வப்போது சேமித்துக்கொள்ளுங்கள். எனக்கு அவசரமில்லை.

ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் என் தங்கை. கதவு திறந்தே இருக்கட்டும். அவளுக்குப் பாதி தெரியும்.

எங்களுடையது துணிக்கடை. ஜன்னல் திரை, மெத்தை விரிப்பு, சோபா உறை. அப்பா ஆரம்பித்தது. கடைவீதியில் அவருக்கு நெஞ்சுவலி முதலாளி என்று பெயர். நோயால் வந்த பெயர் இல்லை, தொழிலால் வந்தது. வாடிக்கையாளர் ஒரு விலையைக் கேட்பார். அப்பா பதில் சொல்லமாட்டார். மூக்குக்கண்ணாடியை மெதுவாகக் கழற்றுவார், மடிப்பார், சட்டைப் பையில் வைப்பார். அதன் பிறகுதான் கை நெஞ்சுக்குப் போகும். பின்னால் ஒரு எட்டு வைத்து, மெத்தென்ற துணிக்கட்டாகப் பார்த்து உட்காருவார். "ஏம்மா, இந்த விலைக்குக் குடுத்தா சாயங்காலத்துக்குள்ள நான் போய்ச் சேர்ந்துருவேன். பரவால்லையா?"

"போன மாசம்தானே முதலாளி செத்தீங்க?"

"அது போர்வைக்கும்மா. இது திரைக்கு."

கடையே சிரிக்கும். சிரித்தவர்கள் வாங்காமல் போனதில்லை. சின்ன வயதில் நானும் தங்கையும் முதல் தடவை பார்த்து அழுதுவிட்டோம். அம்மாதான் கற்றுக்கொடுத்தாள். கண்ணாடி பையில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பயப்படாதீர்கள் என்று. அம்மா போன பிறகும் அந்தப் பாடம் எங்கள் வீட்டில் இருந்தது.

நான் கடையைக் கையில் எடுக்க விரும்பினேன். அதில் தப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். இந்தக் காலத்தில் யாருக்கும் பேரம் பேச நேரமில்லை. 'ஒரே விலை' என்று ஒரு பலகை எழுதி வாங்கி வந்தேன். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அப்பா பலகையைப் படித்தார். "பேரம் பேசாத கடைக்காரனும் ஒண்ணு, ஊமையும் ஒண்ணுடா" என்றார். நான் ஏதோ சொன்னேன். அவர் ஏதோ சொன்னார். பிறகு விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் நான் சொன்னது வேறு. டீ குடிக்கப் போயிருந்தேன், திரும்பி வந்தபோது அப்பா தரையில் கிடந்தார் என்றேன். எல்லாரும் நம்பினார்கள். டீக்கடைக்காரரும் நான் வந்ததைச் சொன்னார். வந்தது உண்மைதான். இரண்டு டீ குடித்தேன்.

இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பேச்சாவது மிஞ்சியிருக்கும் என்றார் டாக்டர். வலது பக்கம் போயிற்று, நாக்கு போயிற்று. புத்தி மட்டும் போகவில்லை. கட்டிலில் படுத்தபடி அவர் என்னைப் பார்க்கும்போது, துணியைத் தடவிப் பார்த்து விலை சொல்லாமல் நிற்கும் வாடிக்கையாளரைப் பார்ப்பது போலவே பார்ப்பார். இவன் எந்த விலைக்கு வருவான் என்று காத்திருக்கிற பார்வை.

இடது கையில் பேனா கொடுத்தோம். கோழி கிளறிய மாதிரி வந்தது. தங்கைதான் யோசனை சொன்னாள். அவள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். அடுத்த அறையில் காதை மூடிய ஹெட்போனோடு ஏதோ ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். கம்பெனி கொடுத்த கணினியில் மற்றவர் கை படக்கூடாது. ஆகவே தன்னுடைய பழைய லேப்டாப்பை எடுத்து, ஒவ்வொரு பொத்தான் மேலும் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டி, அப்பாவின் போர்வை மேல் வைத்தாள். அவர் ஒற்றை விரலால், அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார்.

எனக்குக் கடைக்குப் போன் வந்தது. "அண்ணா, அப்பா எழுதறாரு! முதல் வார்த்தையே உன்னைத்தான் தேடுறாரு. மகன்கிட்டன்னு அடிச்சாரு. அதுக்குள்ள இந்தச் சனியன் தானா ஆஃப் ஆயி மறுபடி வருது. வந்து என்னன்னு பாரேன்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை. கால்தான் வீட்டுக்கு ஓடியது.

போய்ப் பார்த்தேன். போர்வைதான் காரணம். அடிச்சல்லடையை அடைத்துக்கொண்டிருந்தது. திறந்து, பெயின்ட் பிரஷ்ஷால் விசிறியைச் சுத்தம் செய்து, கடையில் துணி சுற்றி வருகிற பலகை ஒன்றைக் கொண்டுவந்து அடியில் வைத்தேன். அன்று நான் நேர்மையாகவே பழுது பார்த்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். லேப்டாப் நன்றாக ஓடியது. அப்பா மறுபடி ஆரம்பித்தார். மகன்கிட்ட. சொல்லு. அடுத்த எழுத்துக்கு விரலைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"போதும்ப்பா, களைச்சிட்டீங்க" என்று மூடிவைத்தேன்.

சோதித்துப் பார்க்கிறேன் என்று கடைக்கு எடுத்துப் போனேன். எழுதும் பக்கத்தைத் திறந்த சில நிமிடங்களில் இயந்திரம் தானே அணைந்து எழும்படி ஒரு கட்டளையை உள்ளே ஒளித்துவைத்தேன். எழுதியதைத் தானாகச் சேமிக்கும் வசதியையும் நிறுத்தினேன். பெரிய வித்தை இல்லை, கடைக் கணினியைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு இந்த அளவு தெரியும். நேரத்தை அப்பாவின் விரல் வேகத்துக்கு அளந்து வைத்தேன். மூன்றாவது வார்த்தையைத் தாண்டமாட்டார்.

துணி வெட்டுகிறவனுக்கு அளவு தப்பாது.

அதன் பிறகு பழுது பார்ப்பதே என் சேவையாயிற்று. சார்ஜர் சரியில்லை என்றேன், மாற்றினேன். நினைவகப் பட்டை தளர்ந்திருக்கிறது என்று கழற்றித் துடைத்து மாட்டினேன். வைரஸ் என்றேன். புது அப்டேட்டில் கோளாறு என்றேன். ஒவ்வொரு சந்தேகமும் சில நாட்களை வாங்கித் தந்தது. வியாபாரத்தில் இதைத் தவணை என்போம். தங்கை எனக்காக வருத்தப்பட்டாள்.

"அப்பா மாதிரியே இருக்குண்ணா இது. நினைச்சா விழுது, நினைச்சா எந்திரிக்குது. பேசாம கடைவீதி மெக்கானிக்கிட்ட குடுத்துரலாமா?"

"வெளியாள் கை பட்டா உள்ள இருக்கிறதெல்லாம் அழிச்சிருவாம்மா. உன் பழைய போட்டோ எல்லாம் இருக்குல்ல?"

"அப்ப புதுசு ஒண்ணு வாங்கிருவோம்."

"அப்பாவுக்கு இது பழகிருச்சு. நான் சரி பண்றேன், விடு."

அப்பா கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. திரை கறுக்கும். அவர் விரலை எடுத்துப் போர்வையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். வெளிச்சம் வந்ததும் மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்குவார். கடையிலும் அப்படித்தான். பேசிப் பேசி முடியும் நேரத்தில் வாடிக்கையாளர் எழுந்து போய்த் திரும்பி வந்தால், முகம் சுளிக்காமல் பழையபடி முதல் விலையிலிருந்து ஆரம்பிப்பார்.

நடுவில் இன்னொன்று தொடங்கியது. அப்பா இடது கையை நெஞ்சில் வைத்து முனக ஆரம்பித்தார். பெரும்பாலும் நான் அறைக்குள் இருக்கும்போது. தங்கை தன் வேலையில் இருப்பாள், அவரோடு உட்காருபவன் நான்தானே. ஆனால் அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுத முடியாததை நடித்துக் காட்டுகிறார், அன்று கடையில் நடந்ததைத் தங்கைக்குச் சொல்லப் பார்க்கிறார் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைக்க முடியும்? அவர் மனதில் என்னைத் தவிர வேறு எதுவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

டாக்டர் வந்தபோது அப்பாவுக்குக் கடைவீதியில் இருந்த பெயரைச் சொன்னேன். போர்வைக்கு ஒரு சாவு, திரைக்கு ஒரு சாவு கதையையும் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இருந்தாலும் வலிக்கிற மாதிரி தெரிஞ்சா உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். சரி என்றேன்.

கடைசி நாள் மதியம். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு லேப்டாப்பின் முன் சாய்ந்திருந்தார். திரை கறுத்து, மறுபடி வந்துகொண்டிருந்தது. கை நெஞ்சுக்குப் போயிற்று. முகம் வேர்த்தது. முனகல் சத்தம் பெரிதாக இருந்ததால், ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு தங்கை வாசலுக்கு வந்தாள்.

"என்னண்ணா ஆச்சு?"

"வழக்கம்தான். நான் லேப்டாப்பை மூடப் போனேன்ல, அதுக்குப் பேரம் பேசறாரு."

அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையைப் பார்த்தாள். கண்ணாடி அதில் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அப்பா, லைன்ல ஆள் காத்துட்டிருக்காங்க. முடிச்சிட்டு வந்து உங்களைக் கவனிக்கிறேன், சரியா?" என்று போய்விட்டாள்.

அவள் அந்த அழைப்பை முடித்து வருவதற்குள் அப்பா போய்விட்டார். இதயம் என்றார்கள். ரொம்ப நாட்களாகவே எச்சரித்துக்கொண்டிருந்திருக்கும் என்றார் டாக்டர். என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. அவருக்கும் அந்தச் சிரிப்பு நினைவிருந்திருக்கும்.

இதுவரை எழுதியதைச் சேமித்துவிட்டீர்களா? நல்லது.

இறப்பு அறிவிப்பு எழுத வேண்டியிருந்தது. உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை அந்த லேப்டாப்பையே எடுத்தாள். துயரத்துடன் மகன், மகள் என்று போடுவதற்காக மகன் என்று அடித்தாள். எழுத்துகளுக்கு மேலே ஒரு பட்டை வரும், பார்த்திருப்பீர்கள். அடிக்கடி எழுதுகிறவர் அடுத்து என்ன எழுதுவார் என்று அது கற்றுக்கொண்டு எடுத்துக்கொடுக்கும். நான் எல்லாவற்றையும் நிறுத்தினேன், அதை மறந்துவிட்டேன். பட்டையில் 'மகன்கிட்ட' என்று வந்தது. அவள் அதை அழுத்தினாள். 'சொல்லு' என்று வந்தது. அழுத்தினாள்.

"அண்ணா, நான் ஒண்ணும் அடிக்கல. அதுவே எடுத்துக் குடுக்குது. இங்க வாயேன்."

நான் போய் அவள் பின்னால் நின்றேன். அவள் அழுத்த அழுத்த ஒவ்வொன்றாக வந்தது. இது. நடிப்பு. இல்ல. நெஞ்சு. வலிக்குது.

அதற்கு மேல் எதுவும் இல்லை. பலகை இல்லை, ஷட்டர் இல்லை, அன்றைய மதியம் இல்லை. நான் இத்தனை நாள் எதற்குப் பயந்தேனோ அதில் ஒரு எழுத்துகூட அவர் எழுதவில்லை. என்னிடம் உதவி கேட்டிருக்கிறார். அந்தப் பட்டை தானாக எதையும் கற்பனை செய்யாது. அவர் ஒருமுறையாவது என் அளவை முந்திக்கொண்டு முழுதாக எழுதி முடித்திருக்கிறார். அப்போது அறையில் படிக்க ஆள் இல்லை.

மறுநாள் தங்கை என்னைக் கேட்காமல் லேப்டாப்பை மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அவர் கட்டளையை எடுத்துக் காட்டியிருக்கிறார். இது கோளாறு இல்லைம்மா, யாரோ வேலை மெனக்கெட்டு வச்சிருக்காங்க என்றாராம்.

"ஏண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

வியாபாரி ஒரே அடியாக இறங்கமாட்டான். நான் கொஞ்சம் இறங்கினேன். அப்பா விழுந்தபோது நான் கடையில்தான் இருந்தேன், வழக்கமான நடிப்பு என்று நினைத்து ஷட்டரை இழுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன், அது உனக்குத் தெரியக்கூடாது என்றுதான் இதைச் செய்தேன் என்றேன். அவள் நிறைய அழுதாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும்தாண்ணா ஏமாந்தேன். கண்ணாடி பையில இருந்துச்சே, நானும் சிரிச்சிட்டுத்தானே போனேன்" என்றாள். வா, போய்ச் சொல்லிவிடலாம், ஏமாந்தது குற்றமாகாது என்று அவள்தான் இங்கே கூட்டிவந்தாள். இப்போதும் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அதை இனிமேலும் பார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கூசுகிறது.

ஒரே விலை என்று பலகை எழுதி வாங்கியவன் நான். ஆகவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இதற்குக் கீழே இறங்க இடமில்லை.

கடைசி நாள் அப்பா தானாகக் கண்ணாடியைக் கழற்றவில்லை. தங்கையின் காலடிச் சத்தம் கேட்டதும் நான்தான் கழற்றிப் பையில் வைத்தேன்.

அது எனக்குச் சுலபமாக வந்தது. கடையில் அன்று அவர் வெறும் தரையில் விழுந்தபோது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது, கண்ணாடி முகத்திலேயே இருந்தது. நான் குனிந்து அதைக் கழற்றினேன். மடித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பையில் வைத்தேன். நடிக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் ஷட்டரை இறக்கினேன்.