கதவருகே நிற்பவர்

நோரீன்: ...இல்ல, இறங்காத. கதவ மூடு. பேசிட்டுப் போகலாம்.

டெல்பர்ட்: சர்ச்சு விருந்துக்குச் சுட்ட கோழி கேசரோல் பாத்திரத்தச் சூடா உன் மடியில வெச்சுக்கிட்டு என்ன பேச்சு? சர்ச்சுக்கு வண்டிங்க வர ஆரம்பிச்சிடுச்சு. நான் கதவுகிட்ட காவலுக்கு நிக்கணும்.

நோரீன்: அதப் பத்திதான். வலது கைய ஸ்டியரிங் மேல வை.

டெல்பர்ட்: கல்யாணம் ஆகி இவ்வளவு காலம் கழிச்சு கையப் பாக்க ஆசையா?

நோரீன்: வை, டெல்பர்ட்.

டெல்பர்ட்: ...ஆடறது குளிர்னால.

நோரீன்: மே மாசத்துலயா?

டெல்பர்ட்: காலையில காபி கொஞ்சம் அதிகம்...

நோரீன்: டாக்டர் அதுக்குப் பார்க்கின்சன்னு பேரு சொன்னாரு. காபின்னு சொல்லல.

டெல்பர்ட்: ஆரம்பம்தான்னும் சொன்னாரு. அத விட்டுட்ட.

நோரீன்: அந்தக் கையோட, சட்டைக்குள்ள துப்பாக்கி. தோட்டாவ குழல்ல ஏத்தி வெச்சு, விசைய இழுத்தா போதும்னு தயாரா. குழந்தைங்க மிட்டாய் கேட்டு உன் காலச் சுத்திக்கிட்டு நிக்குதுங்க.

டெல்பர்ட்: துப்பாக்கி தானா வெடிக்காது, நோரீன். கெட்டியான உறை, விசைய முழுசா மூடியிருக்கு. வீட்டுலயே உறையில போட்டு, உறையோட இடுப்புல மாட்டறேன். உறையோடயே கழட்டறேன். நடுவுல தொடறதே இல்ல.

நோரீன்: தொட வேண்டி வந்தா? திரும்ப உறையில போடும்போதுதான் ஆளுங்க தன் தொடையிலயே சுட்டுக்கறாங்கன்னு நீதான சர்ச்சுக் காவலுக்கு வர்ற பசங்களுக்குச் சொல்லிக் குடுத்த? சட்டை நுனி, ஜாக்கெட் கயிறு, விசையில எது மாட்டினாலும் போச்சு, கண்ணால பாத்து நிதானமா போடுங்கன்னு... அதெல்லாம் ஆடாத கைக்கே.

டெல்பர்ட்: சரி, வேற யாரு நிப்பா? என்கூடக் காவலுக்கு வர்ற கிளைடா? கழிப்பறையில பெல்ட்ட அவுக்கும்போது துப்பாக்கிய எடுத்துக் காகிதச் சுருள் பெட்டி மேல வெச்சான். அப்படியே மறந்துட்டு, முன்வரிசையில வந்து உட்கார்ந்து, எல்லாரவிடச் சத்தமா ஆமென் சொன்னான்.

நோரீன்: சிரிப்பு மூட்டாத. நல்லவேளை பாஸ்டர் கண்ணுல பட்டுச்சு, அவருக்கு முன்னாடி ஒரு குழந்தை போயிருந்தா?

டெல்பர்ட்: அதான் சொல்றேன். அவன்கிட்ட கதவ விடச் சொல்றியா?

நோரீன்: பாஸ்டர்கிட்ட உன் கையப் பத்திச் சொல்லுங்கறேன். இப்பவே, பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி.

டெல்பர்ட்: பக்கத்து ஊரு சர்ச்சுல ஒருத்தன் புகுந்து சுட்டது மறந்துடுச்சா உனக்கு? நாலு சவப்பெட்டி... அப்புறம் இந்தக் கதவ நான் கேட்டு வாங்கினேன். நான் நிக்கறேன்னு நம்பித்தான் பிள்ளைங்களக் கூட்டிட்டு வராங்க.

நோரீன்: அந்தப் பிள்ளைங்கள்ல ஒண்ணு மேல உன் குண்டு பட்டா?

டெல்பர்ட்: படாது.

நோரீன்: எப்படி அவ்வளவு உறுதியா சொல்ற?

டெல்பர்ட்: ...கண்ணாடிய ஏத்து. ஹட்சன் வீட்டுக்காரங்க போறாங்க.

நோரீன்: ஏத்திட்டேன். சொல்லு.

டெல்பர்ட்: குழல்ல தோட்டா இல்ல.

நோரீன்: ம்.

டெல்பர்ட்: ஈஸ்டர்லேர்ந்தே இல்ல. அன்னிக்குக் காலையில ஏத்தப் பாத்தேன். துப்பாக்கியோட மேல் பகுதியப் பின்னால இழுத்தாதான் தோட்டா ஏறும், விரலு பிடி குடுக்கல. வழுக்கி வழுக்கி... நிமிந்து பாத்தா, குழல் வாய் நீ தூங்கற ரூம் பக்கம் திரும்பியிருக்கு. அப்படியே கீழ வெச்சுட்டேன். காலிக் குழலோடதான் போனேன்.

நோரீன்: அதுக்கப்புறம் ஒவ்வொரு வாரமும்?

டெல்பர்ட்: ஒவ்வொரு வாரமும். வேணுங்கறப்ப ஏத்திக்கலாம்னு காலியா நிக்கறவன் சுவத்துல மாட்டின படம்னு, அந்தப் பசங்களத் திட்டினதே நான்தான். நல்ல கைக்கே நேரம் இருக்காது, எனக்கு எங்க... எல்லாரும் கை குடுத்து, 'நீ இருக்க டெல்பர்ட், நிம்மதி'ன்னு சொல்லிட்டு உள்ள போறாங்க. நானும் தலையாட்டறேன். சர்ச்சு வாசல்ல நின்னு பொய் சொல்றேன், நோரீன். ஈஸ்டர்லேர்ந்து இத்தன பேரும் காவலே இல்லாம உட்கார்ந்து ஜெபம் பண்ணியிருக்காங்க.

நோரீன்: காவல் இல்லாம இல்ல. ஞாயித்துக்கிழமை காலையில நீ தோட்டா ஏத்தற அந்தச் சத்தம் நின்னு போனது எனக்குக் கேக்காதா? உன் வாயால வரட்டும்னுதான் காத்திருந்தேன். பாட்டுக் குழுவ விட்டுட்டுக் கதவோர பெஞ்சுக்கு வந்தேனே, தொண்டை கட்டினதாலன்னா நெனச்ச? என் இடுப்புலயும் துப்பாக்கி இருக்கு, அதுல தோட்டா ஏத்தியிருக்கு. வா, பாஸ்டர்கிட்ட ரெண்டு பேருமா சொல்லுவோம்.