நீலத் தட்டில் மூன்றாவது ஆள்

"பாலத்துல கடைசியா ஓடுறான் பாருங்க, அது நீங்கதான்."

பூந்தமல்லியில் ஏறிய பஸ்ஸில், என் முன்சீட்டில் இருந்த அம்மா தன் கணவரிடம் சொன்னார். அந்த அம்மாவின் மடியில் நீலமும் வெள்ளையுமாக ஒரு பீங்கான் தட்டு. அதில் ஒரு பாலம், மூன்று பேர், மேலே இரண்டு பறவைகள்.

"நானா?"

"முன்னாடி போறது பொண்ணு. அடுத்தது அவ ஆசப்பட்ட பையன். தொரத்திகினு போறது அவளப் பெத்த அத்தா. கடைசில அதுங்க ரெண்டும் பறவையாயிடுச்சாம். நம்ம நஸ்ரீன் இந்தக் கதையச் சொல்லிகினேதான் இதுல சோறு தின்னும்."

மகள் நஸ்ரீன் தானாகக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு, அவள் வீட்டுக்கு இன்றுதான் முதன்முறையாகப் போகிறார்கள் என்று பேச்சில் புரிந்தது.

"சீனாக்காரன் கதையா?"

"படந்தான் சீனாவப் பாத்து வரைஞ்சது. கதைய வெள்ளக்காரன் தட்டு விக்கக் கட்டிவுட்டானாம்."

"கட்டிவுட்டதுதான? அப்போ மாத்திக்கலாம்."

மாலை வெயில் பட்ட தட்டில் கணவரின் விரல் மெதுவாக நகர்ந்தது.

"ஆறு எங்க கீது?"

"வெள்ளையா உட்டுகிறான்ல, அதெல்லாம் தண்ணி."

அவர் அந்த வெள்ளையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்ணூர்பேட்டை நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அவர் தட்டை வாங்கிக்கொண்டு மனைவிக்கு முன்னால் இறங்கினார்.

"அத்தா" என்றாள் அவள்.

"இது ஊட்டுல சும்மா எடத்த அடைச்சிகினு கெடந்துச்சு" என்று தட்டை நீட்டினார்.